தாலி தேடினால் தட்டு வருகிறது

சென்ற தை மாதம் புனேயில் அக்கா மகளுக்குத் திருமணம். மாங்கல்யம் கோக்க மஞ்சள் கயிறும், பெண் கால் வைத்து மிதிக்க அம்மியும் இணையக் கடையில் வாங்கித் தரும் பொறுப்பு, கணினியில் வேலை பார்ப்பவன் என்ற ஒரே காரணத்தால் தாய்மாமனாகிய என் தலையில் விழுந்தது.

தாலிக் கயிறு என்று ஆங்கில எழுத்துகளில் தட்டியதும், எவர்சில்வரிலும் பித்தளையிலும் சாப்பாட்டுத் தட்டுகள் வரிசையாக வந்து நின்றன. இந்தியில் தட்டுக்குத் தாலி என்று பெயர். ஆங்கில எழுத்துக்குள் போய்விட்டால் அந்தத் தாலிக்கும் நம் தாலிக்கும் அதே ஐந்து எழுத்துகள்தாம். கேட்ட இரண்டு சொற்களும் சேர்ந்து எந்தப் பொருளின் பெயரிலும் இல்லாதபோது, கயிற்றை விட்டுவிட்டு, தெரிந்த சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு எதையாவது காட்டுவது இத்தகைய தேடுபொறிகளின் இயல்பு. 'இல்லை' என்று சொல்லிக் கடைக்காரர் யாரும் வாடிக்கையாளரை அனுப்பிவிட விரும்புவதில்லை அல்லவா! தமிழ் எழுத்திலேயே தட்டிப் பார்த்தேன். மீண்டும் அதே தட்டுகள். சரி, 'மஞ்சள் கயிறு' என்று ஆங்கிலத்திலேயே கேட்போம் என்று முயன்றபோது, லாரியில் தார்ப்பாய் கட்டும் இருபது மீட்டர் நைலான் கயிறு, எத்தனை கிலோ தாங்கும் என்ற உறுதிமொழியோடு வந்தது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இது பொண்ணு கழுத்துக்கா, மாட்டுக் கழுத்துக்காடா?" என்றாள்.

அம்மியின் கதை இன்னும் வேடிக்கை. உருதுவில் அம்மி என்றால் தாய். ஆகவே, உலகிலேயே சிறந்த அம்மி நீங்கள்தாம் என்று அச்சிட்ட காபிக் கோப்பைகள் முதலில் வந்தன. அவற்றுக்கு அடுத்து ஒரு விதைப் பொட்டலம். அம்மி மேஜஸ் என்ற தாவரப் பெயருடைய ஒரு செடி இருக்கிறதாம். கேரட்டின் குடும்பத்தைச் சேர்ந்த அதன் வெண்ணிறப் பூக்களைப் பூங்கொத்தில் வைப்பார்களாம். அம்மிக்கல் வாங்கப்போய்த் தாவரவியல் படித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். மூன்றாம் பக்கத்தில் ஒருவழியாகக் கருங்கல்லில் குழவியோடு ஓர் அசல் அம்மி தென்பட்டது. படத்தில் கம்பீரமாக இருந்ததால் உடனே பணம் கட்டப் போனேன்; நல்லவேளையாக அக்கா அளவைப் படித்தாள். நீளம் நான்கு அங்குலம். கொலுவில் வைக்கும் சொப்பு! பெண்ணின் கட்டைவிரலை வேண்டுமானால் அதில் வைக்கலாம்.

அன்று தேடியதை அந்தத் தளம் மறக்கவே இல்லை. தாய்க்கு என்ன பரிசளிக்கப் போகிறீர்கள் என்று மாதக்கணக்கில் என்னை விசாரித்துக்கொண்டே இருந்தது.

கயிறு சென்னையிலிருந்து சித்தியின் கைப்பையில் வந்தது. அம்மியை அடுத்த தெருவில் இருந்த திருநெல்வேலிக்காரர் வீட்டு அடுக்களையிலிருந்து இரண்டு பேர் தூக்கி வந்தோம். ஆனால், மலிவாக இருக்கிறதே என்று அக்கா எனக்குத் தெரியாமல் அந்தத் தட்டுகளில் ஒன்றை வாங்கியிருக்கிறாள். முகூர்த்த நேரத்தில் அதன் நடுவே தேங்காய், தேங்காயின்மேல் மஞ்சள் கயிறு, சுற்றியிருந்த குழிகளில் குங்குமமும் அட்சதையும் என்று வைத்துச் சபையில் ஆசி வாங்க எடுத்து வந்தார்கள். என் பக்கத்தில் அமர்ந்திருந்த மராட்டிய நண்பர், "தாலி அழகாக இருக்கிறது" என்றார். எதைச் சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.