பறவைக் காய்ச்சல் வந்தால் பாதிப்பேர் சாவார்களா?

நேற்று சாயங்காலம் சேலம் செவ்வாய்பேட்டையில் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சித்தப்பா போனை நீட்டினார். வாட்ஸ்அப் ஃபார்வர்டு: பறவைக் காய்ச்சல் வந்தால் இரண்டு பேரில் ஒருவர் காலி. இருபது வருடமாக நாமக்கல் பண்ணைகளில் முட்டை ஓய்ந்த கழிவுக் கோழி ஏற்றி விற்கிற மனிதர் அவர். "அப்போ நான் எப்பவோ போயிருக்கணுமே கண்ணு" என்று பீட்ரூட் துருவல் வழிய இன்னொரு செட்டை வாயில் போட்டுக்கொண்டார்.

ஃபார்வர்டு பொய் இல்லை. 2003 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஏறிய H5N1 (பறவைக் காய்ச்சல் வைரஸின் பெயர்) நோயாளிகள் 900-க்கு மேல், அதில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்துவிட்டார்கள். ஆனால் கணக்கில் ஏறுவது யார்? மூச்சு முட்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து, அங்கே யாரோ ஒருவருக்குச் சந்தேகம் வந்து சாம்பிள் அனுப்பினால்தான் ஏறும். கஷாயம் குடித்து நாலு நாளில் எழுந்தவன் எங்கேயும் ஏறமாட்டான். 2021-ல் இந்தியாவில் முதலில் உறுதியான நோயாளி ஹரியானாவைச் சேர்ந்த 11 வயதுப் பையன், அவன் இறந்துவிட்டான். அன்றைய தேதிக்கு நம் நாட்டு இறப்பு விகிதம் நூறு சதவீதம்!

2024-ல் அமெரிக்காவில் மாட்டுப் பண்ணை, கோழிப் பண்ணை ஆட்களைத் தேடிப்போய்ச் சோதித்தார்கள். சுமார் எழுபது பேர் சிக்கினார்கள், பெரும்பாலோருக்குக் கண் சிவந்தது, அவ்வளவுதான், நம் ஊர் மெட்ராஸ் ஐ மாதிரி. முதல் சாவு 2025 ஜனவரியில், லூசியானாவில். சரி, அப்போ பயமே வேண்டாமா என்றால் அதுவும் இல்லை. வைரஸில் பல கிளைகள் உண்டு, மாட்டில் சுற்றியதும் லூசியானாக்காரரைக் கொன்றதும் ஒன்றல்ல. இந்தோனேசியாவில் 200 பேரில் 168 பேர் இறந்தார்கள், எகிப்தில் மூன்றில் ஒரு பங்குதான். நிமோனியா என்று எழுதிப் புதைத்த சாவுகளும் இருக்கும், அவற்றையும் சேர்த்தால் விகிதம் ஏறும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் (வைரஸை எதிர்க்க உடம்பு செய்துகொள்வது) தேடினால் யாருக்கெல்லாம் வந்துபோனது என்று தெரிந்துவிடும் என்பார்கள், ஆனால் சாதா ஃப்ளூ வந்தவனுக்கும் அந்தச் சோதனை சிலசமயம் ஆமாம் சொல்லிவிடும் என்பதால் 2012 வாக்கில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே பெரிய சண்டை.

என் கணிப்பு, உண்மையான இறப்பு விகிதம் ஐம்பது சதவீதத்துக்குக் கீழேதான். ஆனால் கோடிக்கணக்கானோரைக் கொன்ற 1918 ஃப்ளூ காய்ச்சலுக்கே வழக்கமாகச் சொல்லும் விகிதம் இரண்டரை சதவீதம்தான், அதனால் கீழே என்பதில் பெரிய ஆறுதல் ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "மூணு வருசம் முன்னாடி எனக்கும்தான் கண்ணு செவந்துச்சு, மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கி ஊத்திட்டு மறுநாளே லோடு ஏத்தப் போயிட்டேன்" என்றார் சித்தப்பா. ஊரெல்லாம் சுற்றிய மெட்ராஸ் ஐயாகத்தான் இருந்திருக்கும். டெஸ்ட் எதுவும் எடுத்தீங்களா என்று கேட்டேன்.

"கண்ணு செவந்ததுக்கு எவனாச்சும் டெஸ்ட் எடுப்பானா கண்ணு?"