இல்லாத முட்டைகள்

பிணத்தில் இருக்கும் பூச்சிகளை வைத்து இறந்த நேரத்தைக் கணிக்கும் ஆய்வகத்தில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பிளாஸ்டிக் டப்பாவில் மரத்தூள் பரப்பி, அதன்மேல் ஆட்டு ஈரல் வைத்து மொட்டை மாடியில் விட்டிருந்தேன். ஈக்கள் வந்து முட்டையிட்டதும் வலைத்துணி கட்டி உள்ளே கொண்டுவந்துவிட்டேன். சனிக்கிழமை பார்த்தபோது வழவழவென்று வெள்ளைப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. நடுநடுவே, உடம்பெல்லாம் சதை முட்களோடு வேறு மாதிரிப் புழுக்கள் கொஞ்சம். திங்கட்கிழமை திறந்தால் முள் புழுக்கள் மட்டும்தான் இருந்தன. குறிப்பேட்டில் "ஒரே இனம், கிரைசோமையா ரூஃபிஃபேசிஸ்" என்று அந்த முள் புழுவின் ஈப் பெயரை எழுதினேன்.

மேடம் அந்த வரியைப் படித்துவிட்டு, "சனிக்கிழமை இருந்ததெல்லாம் எங்கப்பா போச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

முள் புழு தின்றுவிட்டிருக்கிறது. கிரைசோமையா மெகாசெஃபலா என்ற பச்சை ஈ பெரும்பாலும் முதல் ஆளாக வந்து முட்டையிடும். பின்னால் வரும் ரூஃபிஃபேசிஸின் புழுக்கள் வளர வளர அதன் புழுக்களைப் பிடித்துத் தின்னும். பிணத்தின்மேல் இது நடந்தால், முதலில் வந்த ஈயின் சுவடே மிஞ்சாமல் போகலாம். மிஞ்சிய புழுவின் வயதை மட்டும் வைத்து இறந்த நேரத்தைக் கணக்கிட்டால், உண்மையில் இறந்த நேரத்துக்குப் பிந்தைய நேரத்தைச் சொல்லிவிடுவோம். அன்றிலிருந்து "இல்லை" என்று எழுதும்போதெல்லாம் பேனா கொஞ்சம் தயங்கும்.

அப்புறம்தான் கெய்ல் ஆண்டர்சனின் கட்டுரைகளை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கிற சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1988 முதல் போலீஸ் வழக்குகளில் பூச்சிகளைப் படித்துச் சொல்லி வருகிறார். இறந்த பன்றிகளை வெயிலிலும் நிழலிலும் கடலுக்கடியிலும் போட்டுவைத்து எந்த உயிர் எப்போது வருகிறது என்று கவனித்தவர். ஓர் ஊரின் கணக்கை இன்னோர் ஊருக்கு அப்படியே எடுத்துப் போட முடியாது என்பதுதான் அவர் வேலையின் அடித்தளம். நம் ஊர் வெயிலில் ஒரு நாளுக்குள் பொரித்துவிடும் முட்டைக்கு அவர் ஊர்க் குளிரில் இன்னும் நேரம் வேண்டும். எனக்கு ஆச்சரியம் தந்தது அவருடைய கரடிக் கட்டுரை. மனிடோபாவில் இரண்டு கருங்கரடிக் குட்டிகளைப் பித்தப்பைக்காகக் கொன்று வயிற்றைக் கிழித்துப் போட்டிருந்தார்கள். உடலில் இருந்தவை ஈ முட்டைகள் மட்டும். அவை பொரிக்கும் நேரத்தைக் குறித்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, குட்டிகள் செத்த நேரத்தைச் சொன்னார். 1999-இல் அது கட்டுரையாக வந்தது.

ஆனால் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது, முட்டையே இல்லாத ஒரு வழக்கை. 2001 ஜூலை 8, லாஸ் வேகஸ். இரவு 10 மணியளவில் குப்பைத் தொட்டி இருந்த இடத்தில், குப்பையால் மூடப்பட்டு, பல காயங்களோடு ஓர் ஆணின் உடல். அன்று அதிகாலையில் கொலை நடந்ததாக அரசுத் தரப்பு வாதிட்டது. 18 வயதுப் பெண் ஒருவருக்கு 2002-இல் தண்டனை விதித்தார்கள். அது ரத்தாகி, 2006-இல் மறுபடியும் தண்டனை. அந்தப் பெண்ணோ அன்று பகலிலிருந்து இரவு வரை 250 கிலோமீட்டருக்கு அப்பால் தன் ஊரில் இருந்தார்.

2017 அக்டோபரில் நடந்த விசாரணையில் ஆண்டர்சனும் வேறு சில பூச்சியியலாளர்களும் சாட்சி சொன்னார்கள். அவர்கள் கேட்டது எளிய கேள்வி: ஜூலை மாதப் பகல் முழுவதும் இவ்வளவு காயங்களோடு ஒரு உடல் வெளியே கிடந்திருந்தால் ஈ முட்டை எங்கே? குப்பைக்குள்ளும் ஈ நுழையும். முட்டை இல்லையென்றால், வெளிச்சம் போனபிறகுதான் அந்த ஆள் இறந்திருக்க வேண்டும். இந்தச் சாட்சியை முன்பே கொண்டுவராதது தற்காப்புத் தரப்பின் பிழை என்று அந்த டிசம்பரில் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. 2018 ஜனவரியில் அந்தப் பெண் வெளியே வந்தார். இடையில் போன ஆண்டுகளை நினைத்தால் மனசு கனக்கிறது. உடலின் படங்கள் போலீஸிடம் இருந்தன. அவற்றில் இல்லாததைப் பார்த்துச் சொல்லத்தான் தண்டனை விதித்த இரண்டு விசாரணைகளிலும் ஆள் இல்லை.

சரி, ராத்திரியில் ஈ முட்டையிடவே இடாதா? இங்கேதான் நான் ஜாக்கிரதையாகிறேன். 1990-இல் சிகாகோவில் பெர்னார்ட் கிரீன்பெர்க், இரவிலும் முட்டையிட்டதைப் பதிவு செய்தார். 2001-இல் நம் நாட்டிலேயே, பட்டியாலாவில், தேவிந்தர் சிங்கும் மீனாட்சி பார்தியும் அதையே கண்டார்கள். எண்ணிக்கை குறைவு, எப்போதாவது நடப்பது. ஆனாலும் நடக்கிறது. அதனால் நம் ஊர் இரவில் என்ன நடக்கிறது என்பதை நாமே விழித்திருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன். இருட்டியதும் மாடியில் ஈரல் வைப்பேன். விடியும் முன் மூடி, கீழே கொண்டுவந்து, மடிப்புகளைச் சின்ன இடுக்கியால் விலக்கி, லென்ஸ் வைத்துத் தேடுவேன். முட்டைக் கொத்து துருவிய தேங்காயை ஓரிடத்தில் அப்பியதுபோல வெள்ளையாக இருக்கும். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் இருக்காது. அப்படிப்பட்ட நாட்களில் வெறும் சுழியம் மட்டும் போட மேடம் விடமாட்டார். "சுழியத்துக்குப் பக்கத்துல ஏன்னு எழுதுப்பா. தெரியலைன்னா அங்க என்ன இருந்துச்சுன்னாவது எழுது" என்பார்.

இன்று காலை 5.10. முட்டை இல்லை. வெப்பம் 26 டிகிரி. லேசான காற்று. எதிர்வீட்டு மாடி விளக்கு இரவு முழுக்க எரிந்தது.