காரில் ஏறினால் சுதந்திரம், இறங்கினால்?

அமெரிக்காவின் பழைய நெடுஞ்சாலைகளைப் பற்றி இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1930களில் அங்கே கறுப்பின மக்களுக்குச் சொந்தக் கார் என்பது வெறும் வசதி இல்லை. தென் மாநிலங்களில் ரயிலில் தனிப் பெட்டி, பேருந்தில் பின் இருக்கை. எப்படியோ காசு சேர்த்து ஒரு பழைய காரை வாங்கிவிட்டால், எங்கே உட்காருவது என்று எவனும் சொல்ல முடியாது.

சரி, வழியில் பசித்தால்? பல ஓட்டல்களில் இவர்களுக்கு இடம் கிடையாது; பல பெட்ரோல் பங்க்குகளில் கழிப்பறைக் கதவும் திறக்காது. அதனால் கூடை நிறையச் சாப்பாடு, போர்வை, கூடுதல் பெட்ரோல், பிள்ளைகளின் அவசரத்துக்கு ஒரு காலி டப்பா, எல்லாம் காரிலேயே வரும். இருட்டிய பிறகு கறுப்பர்கள் இருக்கவே கூடாது என்ற ஊர்களைப் பொழுது சாய்வதற்குள் தாண்டியாக வேண்டும் வேறு.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருந்த தபால்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன் 1936இல் ஒரு கையேடு போட ஆரம்பித்தார். எந்த விடுதி, எந்த ஓட்டல் இவர்களுக்கு இடம் தரும் என்ற பட்டியல். முதலில் நியூயார்க் வட்டாரத்துக்கு, அப்புறம் நாடு முழுவதற்கும். எஸ்ஸோ கம்பெனியின் பெட்ரோல் பங்க்குகளிலேயே விற்றார்கள். எனக்கென்னவோ சாலையை விட இந்தப் பட்டியல்தான் பெரிதாகத் தெரிகிறது.

1956 நெடுஞ்சாலைச் சட்டத்துக்குப் பிறகு வந்த பெருஞ்சாலைகள் வேறு கதை. மயாமியில் ஓவர்டவுன், செயின்ட் பாலில் ரோண்டோ என்று கறுப்பர் குடியிருப்புகளைப் பிளந்துகொண்டுதான் அவை போயின.