பசி, தூக்கம், துணை: பழைய கசெற் பாட்டுகள் கணினிக்கு ஏறும் வேலை, இதுவரை

திருகோணமலை வீடுகளில் சேர்ந்த பழைய பாட்டுக் கசெற்றுகளைப் பசி, தூக்கம், துணை எனப் பாடுபொருள்படி மூன்று கட்டாகப் பிரித்ததில் முதல் இரண்டும் கணினிக்கு ஏறிவிட்டன. எல்லாக் கட்டுக்கும் ஒரே அமைப்பு சரிவராது. ரேப்பின் (ஒலிநாடாவின்) ஒரு கோளாறு எல்லாப் பாட்டையும் ஒரே மாதிரிக் கெடுப்பதில்லை.

பசிப் பாட்டுக்குச் சொல்தான் உயிர். நாடோடி மன்னனில் (1958) பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதி, ரி.எம்.எஸ்ஸும் பானுமதியும் மாறி மாறிப் பாடும் உழவர் பாட்டை எடுங்கள். ரேப்பை வாசிக்கும் ஹெட்டின் சாய்வு கொஞ்சம் விலகினாலே சகரமும் டகரமும் மழுங்கி, பாட்டு எழுப்பும் கேள்வியின் சூடு போய்விடும். ஹெட்டின் ஓரத்தில் ஸ்பிரிங்கோடு இருக்கும் சின்னத் திருகாணிதான் சாய்வை மாற்றுவது. இடது, வலதைச் சேர்த்து மோனோவாக (ஒற்றைத் தடமாக)க் கேட்டபடி, காந்தம் ஏறாத திருப்புளியால் கால் சுற்றுக்குள் மெல்லத் திருப்ப வேண்டும். கூர்மை உச்சத்துக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள். அந்தக் காலப் பாட்டு மோனோ என்பதால் இரண்டையும் சேர்த்தே சேமிக்கலாம்; இரைச்சல் ஏறக்குறைய 3 டெசிபல் குறையும். சாய்வு சரியாகாமல் சேர்த்தால் உயர் அதிர்வெண் ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும்.

தூக்கக் கட்டிலுள்ள தாலாட்டில் சொல் கொஞ்சம் மழுங்கினாலும் பரவாயில்லை, வேகம் பிசகக் கூடாது. நீண்ட உயிரொலியும் புல்லாங்குழலும் நடுக்கத்தை ஒளிக்காது. கசெற்றின் வேகம் விநாடிக்கு 4.76 செ.மீ. ரேப்பை இழுக்கும் இரப்பர் உருளை பழுப்பேறி வழுக்கினால் குரல் அலையும். உருளையை ஈரத்துணியாலும், ஹெட்டை 99% ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சாலும் துடைத்தால் பெரும்பாலும் நிற்கும். நிற்காவிட்டால் கசெற்றை ஓட்டும் டெக்கின் பெல்றை மாற்ற வேண்டியதுதான்.

ஒரே சீராக வேகம் கூடியிருந்தால் மின்சார இரைச்சலே அளவுகோல். வீட்டில் பதிந்த ரேப்பில் 50 ஹேர்ட்ஸ் ஹம் ஒட்டியிருப்பதுண்டு. ஒலி திருத்தும் மென்பொருளான ஓடாசிற்றியில் பாட்டுக்கு இடையிலுள்ள மௌனத்தைத் தேர்ந்து, 65536 அளவில் அதிர்வெண் படம் (Plot Spectrum) போட்டுப் பாருங்கள்; ஹம் 51.5 இல் நின்றால் ரேப் 3% வேகம், அதாவது அரைச் சுருதியில் பாதி. வேகத்தை 2.91% குறைத்தால் சுருதியும் தாளமும் சேர்ந்தே சரியாகும். சுருதியை மட்டும் இறக்கினால் தாலாட்டு அவசரமாகவே ஓடும். சரியாக 50 இலேயே இன்னொரு முனை தெரிந்தால் அது உங்கள் டெக்கின் ஹம். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

பதியும்போது 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸ். உச்சம் −6 டெசிபலைத் தாண்டவிடாதீர்கள். தாலாட்டில் இரைச்சல் நீக்கியை 6 டெசிபலுக்கு மேல் போட்டால் மூச்சும் சேர்ந்து போய்விடுகிறது. கொஞ்சம் இரைச்சலோடு விடுவதே மேல்.

திருக்கடலூர்ப் பக்கக் கரையோர வீட்டுக் கசெற்றுகளில் உப்புக் காற்று ரேப்பை ஹெட்டோடு அழுத்தும் பஞ்சின் செப்புக் கலவைத் தகட்டைப் பச்சையாக்கி, பசையையும் விடுவித்துவிடும். பஞ்சு விழுந்தால் ஒலி மூடுண்டு, விட்டுவிட்டுக் கேட்கும். ஐந்து திருகாணி உள்ள வெற்றுக் கூட்டுக்கு ரேப்பை மாற்றுவது பசை தேய்ப்பதைவிட நம்பகமானது. விளிம்பில் வெண்பூஞ்சை தெரிந்தால் நல்ல டெக்கில் போடவே கூடாது; முகமூடி கட்டி, ஒதுக்கிவைத்த பழைய டெக்கில் ரேப் துணியில் உரசி ஓடும்படி சுற்றி எடுங்கள். இதைக் கச்சான் (வறண்ட தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் செய்வது நல்லது. மாரியில் திறந்த கூடு மறுபடி ஈரம் குடிக்கும்.

துணைக் கட்டு இனித்தான். அதில் கிற்றாரும் பைலாத் தாளமும் கலந்த எங்கட இலங்கைத் தமிழ்ப் பொப் பாட்டுகளும் இருப்பதால், பதிவு அளவை −10 டெசிபலுக்கு இறக்கித் தொடங்கும் எண்ணம்.