குன்னூரில் பதினான்கு பீர்கள்

சில ஆண்டுகளுக்கு முன்பு குன்னூரில் ஒரு ஓட்டல் பப்பில் பீர் கேட்டபோது, ஊழியர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான்: "ஸ்ட்ராங்கா, லைட்டா சார்?" இந்த ஐப்பசியில் மழைக்கு ஒதுங்கி அதே பப்புக்குள் நுழைந்தால், லேமினேட் செய்த அட்டையை நீட்டுகிறார்கள். எண்ணிப் பார்த்தேன், பதினான்கு பெயர்கள். பெல்ஜியம், ஜெர்மனி, அயர்லாந்து, மெக்சிகோ என்று பூகோள வகுப்பே நடக்கிறது. கடைசி மூன்று வரிகளில் நம் நாட்டுக் கிராஃப்ட் பீர்கள், அதாவது சிறு ஆலைகளில் கொஞ்சமாகக் காய்ச்சுபவை. பெங்களூரில் பப்பிலேயே கொப்பரை வைத்துக் காய்ச்சி ஊற்றுகிறார்கள். இங்கே எல்லாம் பாட்டிலில் மலையேறி வந்தவை. விலையும் கூடவே ஏறியிருந்தது.

முதலில் ஹோகார்டன். பெல்ஜியத்துக் கோதுமை பீர், அரிசி கழுவிய தண்ணீர்போலக் கலங்கலாக இருக்கும். அதில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்க்கிறார்கள். மூக்கருகே கொண்டுபோனேன், ஒரு வாசனையும் இல்லை. பாட்டில் அவ்வளவு சில்லிட்டிருந்தது. வெளியே ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு நடக்கிறார்கள், உள்ளே மதுரைச் சித்திரை வெயிலுக்கு ஏற்ற குளிரில் பீர்!

"தம்பி, ஃபிரிட்ஜில் வைக்காத பாட்டில் ஏதாவது இருக்கிறதா?"

"சில்லென்று இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள் சார்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கிளாஸை இரண்டு கைகளாலும் பொத்தி வைத்துக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி வந்து எதிர்க்கடையை விழுங்கிவிட்டுப் போனது. கால் மணி நேரம் கழித்துத்தான் ரசப்பொடிக்கு இடித்த தனியாவின் வாசனை மெல்ல எழுந்தது.

அடுத்து ஒரு ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் மணத்துக்காகவே குடிக்கும் பீர் அது. நாளாக ஆக முதலில் போவதும் அந்த மணம்தான். வாயில் வைத்ததும் கசப்பு தெரிந்தது, பின்னாலேயே நனைந்த அட்டைப்பெட்டியின் நெடி. தேதியைத் தேடிப் பார்த்தேன்: அடைத்து ஒன்பது மாதம். கேட்பவர் வாரத்துக்கு ஒருவரோ இருவரோ. அதுவரை பாட்டில் அலமாரி விளக்கின் கீழே காத்துக்கிடக்கிறது. அட்டையில் ஒரு வரி கூடினால் அலமாரியில் இன்னொரு பாட்டில் பழசாகிறது. பதினான்கில் ஒன்பதை அடித்துவிட்டு, மிச்ச ஐந்தைப் புதிதாக வைத்திருந்தால் நான் மறுநாளும் வந்திருப்பேன்.

ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் மட்டும் ஏமாற்றவில்லை. கருக வறுத்த பார்லி, சர்க்கரை போடாத டிகாஷன்போல. பையிலிருந்த வர்க்கியை, அந்த மொறுமொறு ஊட்டி பிஸ்கட்டை, கள்ளத்தனமாக ஒடித்து வாயில் போட்டுக்கொண்டேன். வர்க்கியை டீயில் தொட்டுத் தின்பவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

காலையில் ஊட்டிக்கு மலை ரயில். வெலிங்டன் தாண்டி அருவங்காடு. ஐஸ் இயந்திரம் வராத காலத்தில் சமவெளி வெப்பத்தில் பீர் புளித்துக் கெட்டுவிடும் என்பதால் வெள்ளைக்காரர்கள் மலைகளைத் தேடி வந்து காய்ச்சினார்கள். குடிப்பதற்கு வெலிங்டன் பாசறைச் சிப்பாய்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். பார்லியும் இந்த மலையில் விளைந்த பயிர்தான். 1857-இல் தொடங்கிய காசில் ப்ரூவரி என்ற பீர் ஆலை இந்த அருவங்காட்டில்தான் இருந்தது. 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்திய மதுவாலைகள் ஐந்தை இணைத்து, இன்று கிங்ஃபிஷர் பீர் தயாரிக்கும் யுனைடெட் ப்ரூவரீஸைத் தொடங்கியபோது, அவற்றில் மூத்தது இதுதான். ஐஸ் இயந்திரம் வருவதற்கு முன் இங்கே காய்ச்சிய பீரை ஐஸ்போலக் குளிரவைத்து எவரும் குடித்திருக்க மாட்டார்கள்.

ரயில் நின்றபோது கழுத்தை நீட்டிப் பார்த்தேன். எதிர்ச் சீட்டுப் பெரியவர் என்ன தேடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"இங்கே வெடிமருந்து பேக்டரிதான் தம்பி. பீரா?" என்று சிரித்துவிட்டு, பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தார். நாக்கு பொத்துப்போகும் சூடு.