நாலு வாக்காளரும் ஒரு மேயரும்

லண்டனில் வந்து குடியேறுகிற ஒருவருக்கு முதலில் பழக்கமாகிற அரசாங்கம் கவுன்சில்தான். வாடகைக்கு அடுத்தபடியாகக் காசு கேட்டு வருகிற கடிதம் அவர்களுடையது. குப்பை அள்ளுவது, தெருவைக் கூட்டுவது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கொடுப்பது, நூலகம் நடத்துவது, நடக்கமாட்டாத கிழவிக்கு உதவ வீட்டுக்கு ஆள் அனுப்புவது, வீடில்லாதவரை எங்காவது தங்கவைப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. யார் பிரதமர் என்று தெரியாமலே ஒரு வருஷத்தைக் கடத்திவிடலாம். கவுன்சிலைத் தெரியாமல் ஒரு மாதம் தள்ள முடியாது.

மாணவர் விசாவில் வந்து நான் குடியிருந்த இடம் பொப்லர். கிழக்கு லண்டனில் டவர் ஹாம்லெட்ஸ் என்ற பரோவுக்குள் வருகிறது. பரோ என்றால் தனிக் கவுன்சில் உள்ள லண்டன் நகரப் பிரிவு. எங்கட சனம் அதிகம் இருக்கிற ஈஸ்ட்ஹாம் பக்கத்துப் பரோவில், நியூஹாமில். இங்கே தமிழ்க் குரல் கேட்பது அருமை. 2021 குடிசன மதிப்பீட்டின்படி பரோவில் சுமார் 3,10,000 பேர். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வங்காளதேசப் பூர்வீகம், அதிலும் பெரும்பாலோர் சில்ஹெட் பகுதியிலிருந்து வந்தவர்கள். இங்கிலாந்திலேயே சன நெருக்கம் கூடிய பரோ இதுதான். கனெரி வார்ஃபின் வங்கிக் கோபுரங்கள் ஒரு பக்கம், அதன் நிழலில் ஒரு அறைக்குள் ஐந்து பேர் படுக்கிற கவுன்சில் வீடுகள் மறுபக்கம்.

நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் ஒரு சில்ஹெட்டி முதியவர். தெருவே அவரைச் சாச்சா என்று கூப்பிட்டது, நானும் அப்படியே கூப்பிட்டேன். நான் வாக்குப் போடலாம் என்பதை எனக்குச் சொன்னவர் அவர்தான். இலங்கை, இந்தியா, வங்காளதேசம் போன்ற பொதுநலவாய நாடுகளின் குடிமக்கள் சட்டபூர்வமாக இங்கே வசித்தால், பிரித்தானியக் குடியுரிமை இல்லாமலே வாக்காளர் பட்டியலில் சேரலாம். "படிக்க வந்த பொடியன் எனக்கு ஏன் வாக்கு?" என்று கேட்டேன். "குப்பை போடுகிறாய் அல்லவா, அப்போ வாக்கும் போடு" என்றார். வந்து சில மாதங்களுக்குள் ஒரு நாட்டில் வாக்குரிமை கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, ஊரில் வாக்குச்சாவடிக்குப் போகப் பயந்து வளர்ந்தவர்கள்தான் முழுதாக உணர்வார்கள்.

சாச்சா யாருக்குப் போடுவார் என்பதில் ஒளிவுமறைவு இல்லை: லுட்ஃபர் ரஹ்மான். 1965இல் அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானில் பிறந்து, சிறு வயதிலேயே கிழக்கு லண்டனுக்கு வந்து, சொலிசிட்டர் என்ற வகை வழக்கறிஞரானவர். 2002இல் தொழிற்கட்சிக் கவுன்சிலர், 2008இல் கவுன்சில் தலைவர். 2010இல் மேயரை மக்களே நேரடியாகத் தெரிவு செய்வதென்று வாக்கெடுப்பில் முடிவானபோது, தொழிற்கட்சி உறுப்பினர்கள் இவரைத்தான் வேட்பாளராகத் தேர்ந்தார்கள். பிறகு கட்சியின் தேசியக் குழு இவரை நீக்கி வேறொருவரை நிறுத்தியது. சுயேச்சையாக நின்று, முதல் சுற்றிலேயே பாதிக்கு மேல் வாக்கு வாங்கி வென்றார். பிரித்தானியாவில் நேரடியாகத் தெரிவான முதல் முஸ்லிம் மேயர். அந்த வெற்றியைச் சாச்சா தன் வீட்டுக் கல்யாணத்தைப் போலச் சொல்வார். 1978இல் ஒயிட்சப்பலில் அல்தாப் அலி என்ற தையல் தொழிலாளி இனவெறியர்களால் கொல்லப்பட்டபோது, அவருடைய சவப்பெட்டிக்குப் பின்னால் ஊர்வலம் போன தலைமுறை அது. அவர்களுக்கு மேயர் கதிரை என்பது வெறும் பதவியாக இருந்திருக்க முடியாது.

2014 மே மாதத் தேர்தல்தான் எனக்கு முதல் தேர்தல். பள்ளிக்கூட வாசலில் பல கட்சிக்காரர்களும் கும்பலாக நின்று துண்டுப்பிரசுரங்களைக் கையில் திணித்தார்கள். உள்ளே அமைதி. அடையாள அட்டை எதுவும் கேட்கவில்லை. பெயரையும் விலாசத்தையும் சொன்னேன், கடதாசியைத் தந்தார்கள். ரஹ்மான் தொழிற்கட்சியின் ஜோன் பிக்ஸைச் சுமார் 3,000 வாக்கால் வென்றார்.

பரோவில் வாழ்ந்த நாலு சாதாரண வாக்காளர்கள் அந்த முடிவை எதிர்த்துத் தேர்தல் மனுப் போட்டார்கள். இந்த ஏற்பாட்டை அறிந்தபோது நான் அசந்துபோனேன். உள்ளூராட்சித் தேர்தல் ஒன்றில் தில்லுமுல்லு நடந்ததென்று நினைத்தால், 21 நாளுக்குள், 2,500 பவுண்டுவரை பிணைப்பணம் கட்டி, நாலு வாக்காளர் சேர்ந்து நேரே நீதிமன்றத்துக்குப் போகலாம். பொலிசும் அரச வழக்கறிஞரும் தேவையில்லை. ஆனால் தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் தலையில் விழும். வீடு போகலாம். அந்த நாலு பேரும் அதைத் தெரிந்துகொண்டேதான் போனார்கள்.

தேர்தல் நீதிமன்றத்தின் ஆணையாளர் ரிச்சர்ட் மோரி 2015 ஏப்ரல் 23 அன்று தீர்ப்பளித்தார். ஆள்மாறாட்ட வாக்கு, பொய்யான பதிவு, தபால் வாக்கு மோசடி, எதிர்வேட்பாளரை இனவாதி என்று காட்டிய பொய்ப் பிரசாரம், பிரசாரகர்களுக்குச் சட்டத்துக்கு மாறான கொடுப்பனவு, மானியப் பணத்தால் ஆதரவு வாங்கியது ஆகியவை நடந்ததாகக் கண்டார். ரஹ்மான் நேரடியாகவும் தன் ஆட்கள் மூலமும் ஊழல் செயல்களுக்குப் பொறுப்பு என்று சொல்லித் தேர்தலை ரத்துச் செய்தார். ஐந்து வருஷத்துக்குப் பதவிக்குப் போட்டியிடத் தடை. வழக்குச் செலவாக உடனே 2,50,000 பவுண்டு கட்ட உத்தரவு. பின்னர் சொலிசிட்டர் தொழிலும் பறிபோனது. ரஹ்மான் எல்லாவற்றையும் மறுத்தார். குற்றவியல் வழக்கு எதுவும் அவர்மேல் தொடரப்படவில்லை. வாக்குச்சாவடி வாசல் கூட்டம் வாக்காளரை மிரட்டியது என்ற குற்றச்சாட்டையும் ஆணையாளர் ஏற்கவில்லை. நான் அந்தக் கூட்டத்துக்குள்ளால் நடந்தவன் என்பதால், அந்த ஒன்றில் தீர்ப்புச் சரி என்றுதான் படுகிறது. நெரிசல் இருந்தது. பயம் இருக்கவில்லை.

சாச்சாவுக்கு ஆத்திரம் தீரவில்லை. "நம்மாள் என்பதால்தான்" என்று அன்றிரவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஃபில் வூலாஸ் கதையைச் சொன்னேன். 2010இல், எதிர்வேட்பாளரைப் பற்றிப் பொய் பரப்பியதற்காக, ஓல்ட்ஹாம் பக்கத்தில் வென்றிருந்த அந்த வெள்ளைக்காரத் தொழிற்கட்சி எம்.பி.யின் ஆசனத்தையும் இதே மாதிரி ஒரு தேர்தல் நீதிமன்றம்தான் பறித்தது. சாச்சா கேட்டுவிட்டு, "அவருடைய பாதிரியாரை யாராவது கூண்டில் ஏற்றினார்களா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் மறுபேச்சில்லை. தேர்தலுக்குச் சில நாளுக்கு முன் 101 இமாம்களும் மத அறிஞர்களும் ரஹ்மானை ஆதரித்துக் கையெழுத்திட்ட அறிக்கை ஒரு வங்காளிப் பத்திரிகையில் வந்தது. அதை "ஆன்மிக ரீதியான முறையற்ற செல்வாக்கு" என்ற குற்றமாகத் தீர்ப்பு கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்தின் கத்தோலிக்கக் குருமாருக்கு எதிராகப் பயன்பட்ட சட்டம் அது. மதத் தலைவர் சொன்னால் முஸ்லிம் வாக்காளர் சுயபுத்தி இல்லாமல் போய்க் குத்திவிடுவார் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. ஊரில் ஆயர் அறிக்கை விட்டதையும் கேட்டோம், கோயில் தர்மகர்த்தா சொன்னதையும் கேட்டோம், பிறகு எங்களுக்குச் சரியென்று பட்டதைச் செய்தோம். சாச்சாவும் அப்படிப்பட்டவர்தான். அந்தப் பகுதி அநியாயம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் மானிய விஷயத்தில் என்னால் சாச்சாவோடு நிற்க முடியவில்லை. தீர்ப்புக்கு முன்பே, 2014 நவம்பரில், அரசாங்கம் நியமித்த பிடபிள்யூசி என்ற நிறுவனத்தின் கணக்காய்வாளர்கள் அறிக்கை கொடுத்திருந்தார்கள். குறைந்தபட்சத் தகுதி இல்லாத அமைப்புகளுக்கு 4 இலட்சம் பவுண்டுக்கு மேல் மானியம் போயிருந்தது. அதிகாரிகளின் மதிப்பீட்டைத் தள்ளிவைத்து அரசியல்வாதிகளே பங்கு பிரித்தார்கள். அது முதியோருக்கான மதியச் சாப்பாட்டுக்கும் பிள்ளைகளின் தாய்மொழி வகுப்புக்கும் போகவேண்டிய காசு. எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடங்களும் சங்கங்களும் கவுன்சில் மானியத்துக்கு விண்ணப்பிக்கிறவைதான். தகுதியோடு கேட்டவருக்கு இல்லையென்று, வேண்டியவருக்குக் கொடுப்பதால் முதலில் அடிபடுவது ஆள்பலம் இல்லாத சின்னச் சமூகங்கள்தான். பொப்லர் தமிழருக்கு அது நன்றாகவே தெரியும்.

அதே அறிக்கை கண்டித்த இன்னொன்று, பழைய பொப்லர் நகர மண்டபத்தை விற்ற விதம். அந்த மண்டபத்தின் கதையை வாசித்த பிறகு எனக்கு அந்த விற்பனை நெஞ்சில் குத்தியது. 1921இல் பொப்லர் கவுன்சிலர்கள், ஏழைப் பரோவும் பணக்காரப் பரோவும் ஒரே கணக்கில் லண்டன் நிர்வாகத்துக்குப் பணம் கட்டுவது அநீதி என்று சொல்லி, கட்டமாட்டோம் என்று தீர்மானம் போட்டார்கள். வேலையில்லாதவரால் நிறைந்திருந்தது பரோ. கையிலிருந்த காசை அவர்களுக்கே கொடுப்போம் என்றார்கள். ஜோர்ஜ் லான்ஸ்பரி தலைமையில் வாத்தியம் முழங்க உயர் நீதிமன்றத்துக்கு நடந்தார்கள். நீதிமன்றத்துக்கும் ஒருவேளை சிறைக்கும் போகிறோம் என்று பதாகையிலேயே எழுதியிருந்தார்கள். முப்பது பேர் சிறை போனார்கள். ஆண்கள் பிரிக்ஸ்டனில், ஐந்து பெண்கள் ஹொலோவேயில். அந்தப் பெண்களில் ஒருவரான நெல்லி கிரெசல் அப்போது கர்ப்பிணி. கவுன்சில் கூட்டம் பிரிக்ஸ்டன் சிறைக்குள்ளேயே நடந்தது. பெண் கவுன்சிலர்களை வாகனத்தில் ஏற்றிக்கொண்டுவந்தார்கள். ஆறு வாரத்தில் அரசாங்கம் இறங்கிவந்தது, பணக்காரப் பரோக்கள் ஏழைப் பரோக்களின் சுமையில் பங்கெடுக்கச் சட்டம் வந்தது. லான்ஸ்பரியின் மருமகள் மினி, சிறையிலிருந்து வந்து சில மாதத்தில், 1922 புத்தாண்டு தினத்தன்று, 32 வயதில் நிமோனியாவால் இறந்தார். போ ரோட்டில் அவர் பெயரில் ஒரு மணிக்கூடு இருக்கிறது. அதற்குக் கீழே பஸ்ஸுக்கு நிற்கும் போதெல்லாம் அண்ணாந்து பார்ப்பேன்.

அவர்களும் சட்டத்தை மீறித்தான் நீதிமன்றம் போனார்கள். ஆனால் பகிரங்கமாக மீறினார்கள், தண்டனையையும் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். அந்த வித்தியாசத்தைச் சாச்சாவுக்குச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை, ஒத்துக்கொள்ளவுமில்லை.

இதெல்லாம் என்னை இவ்வளவு பிடித்துக்கொண்டதற்குக் காரணம் யாழ்ப்பாணம். 1998இல் எங்கள் மாநகரசபைக்கு மேயரான சரோஜினி யோகேஸ்வரன் அதே வருஷம் மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய கணவரை 1989இல் ஏற்கெனவே கொன்றிருந்தார்கள். அவருக்குப் பிறகு மேயரான பொன். சிவபாலனைச் செப்டம்பரில் குண்டு வைத்துக் கொன்றார்கள். மேயர் என்ற சொல்லோடு வெடிச்சத்தம் சேர்ந்தே என் பள்ளிக்கூடக் காலம் போனது. இங்கே ஒரு மேயர் பிடிக்கவில்லையென்றால் நாலு பேர் மனு எழுதுகிறார்கள், சாட்சி சொல்கிறார்கள், குறுக்குக் கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். தீர்ப்பு வந்த மறுநாள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். அந்த மேயரும்கூட.

உயிரோடு இருந்தவர் திரும்பி வந்தார். தடை முடிந்து, ஆஸ்பயர் என்ற தன் கட்சியோடு 2022 மே மாதம் நின்று, பிக்ஸை ஏறத்தாழ 7,000 வாக்கால் தோற்கடித்தார். 45 ஆசனத்தில் 24 அவர் கட்சிக்கு. நான் அவருக்குப் போடவில்லை. சாச்சா போட்டார். ஈஸ்ட்ஹாமிலிருந்து ஒரு அண்ணை போனில், "கள்ள வாக்குப் பிடிபட்டவரையே திரும்பவும் கொண்டுவந்திருக்கினம், இதுகள் திருந்தாது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. தண்டனைக் காலம் முடிந்தவர் நிற்கலாம் என்பது சட்டம். அவரை மீண்டும் தெரிவுசெய்ய மக்களுக்கு உரிமை உண்டு. ஒரு சனத்தை முழுக்கத் திருடர் என்று பேசினால், நாளைக்கு அதே வாய் எங்களைப் பற்றியும் பேசும்.

2023இல் இடைநிலைப் பள்ளி மாணவர் எல்லோருக்கும் இலவச மதியச் சாப்பாடு என்று இந்தக் கவுன்சில்தான் முதலில் கொண்டுவந்தது. அதை மனதாரப் பாராட்டுகிறேன். பசியோடு வகுப்பில் இருப்பது என்னவென்று தெரிந்தவன் நான். அடுத்த வருஷமே அரசாங்கம் மறுபடி ஆய்வாளர்களை அனுப்பியது. முடிவுகள் மேயரைச் சுற்றிய சிறு வட்டத்துக்குள் எடுக்கப்படுகின்றன, நம்பிக்கையின்மை ஊறிக்கிடக்கிறது என்று அவர்கள் எழுதினார்கள். 2025 ஜனவரியில் அமைச்சரின் பிரதிநிதிகள் கவுன்சிலுக்குள் அமர்த்தப்பட்டார்கள். இரண்டும் ஒரே நிர்வாகத்தைப் பற்றிய உண்மைகள்தான். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எனக்கு மனமில்லை.

இப்போது வாக்குச்சாவடியில் படமுள்ள அடையாள அட்டை கேட்கிறார்கள். டவர் ஹாம்லெட்ஸ் வழக்கும் அந்தச் சட்டம் வர ஒரு காரணம். 2024இல் லண்டன் மேயர் தேர்தலுக்குச் சாச்சாவைக் கூட்டிப்போனபோது அவருடைய பஸ் பாஸைக் காட்டினோம், ஏற்றுக்கொண்டார்கள். எனக்குக் கடவுச்சீட்டு. வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் எதுவும் இல்லை, திரும்பிப் போய்விட்டார். அவர் மறுபடி வந்தாரா என்று பார்க்க, வெளியே வந்த பிறகும் நாங்கள் கேட்டடியில் கொஞ்ச நேரம் நின்றோம். வரவில்லை. கள்ள வாக்கைத் தடுக்க வந்த சட்டம் ஒரு நல்ல வாக்கையும் தடுத்துவிட்டதே என்று சாச்சா வழியெல்லாம் புலம்பினார். அந்த ஒரு விஷயத்தில் நானும் அவரும் ஒரே பக்கம். இதைப் பற்றி எங்கள் வட்டாரக் கவுன்சிலர் மக்களின் குறைகேட்க நடத்தும் 'சர்ஜரி' என்ற சந்திப்புக்குப் போய் நேரில் சொல்வதென்று இருவரும் முடிவெடுத்திருக்கிறோம்.