காருக்குள் லொடலொட: ஆறு சத்தங்களைத் தேடிப் பிடித்த வேலைக் குறிப்பு

வண்டி ஐந்து கதவு ஹேட்ச்பேக். நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், எட்டு வருட ஓட்டம். வேலை தொடங்கும்போது தனித்தனியாகக் கேட்ட சத்தங்கள் ஆறு. அவற்றில் ஐந்து அடங்கிவிட்டன. மீதியிருக்கும் ஒன்றை ஏன் அப்படியே விட்டது என்பது கடைசியில் வரும்.

முதல் நாள் ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றவில்லை. சத்தங்களுக்குப் பெயர் வைப்பதே அன்றைய வேலை. தமிழில் இதற்கென்றே சொற்கள் இருப்பதால் எழுதி வைக்க எளிது. லொடலொட, கடகட என்று கேட்டால் இரண்டு பொருள்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது, அவை மோதிக்கொள்கின்றன. கிறீச், நறநற என்று கேட்டால் இடைவெளியே இல்லை. இரண்டு பரப்புகள் ஒட்டி நின்று, சட்டென்று வழுக்கி, மறுபடி ஒட்டுகின்றன. ஒரே சுருதியில் கிர்ர்ர் என்று நீண்டால் ஏதோ மெல்லிய தகடோ ஒயரோ அதிர்கிறது.

இந்தப் பிரிவினை முக்கியம், ஏனென்றால் மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மோதலுக்கு மெத்தை வேண்டும், அல்லது இறுக்க வேண்டும். உரசலுக்கு நடுவில் துணியோ கிரீஸோ வேண்டும். அதிர்வுக்குப் பிடிமானம் வேண்டும். கிறீச் சத்தம் வருகிற இடத்தில் பஞ்சைத் திணித்தால் அழுத்தம் கூடி, உரசல் இன்னும் மோசமாகும். காரைச் சத்தமில்லாமல் ஆக்கப் போய்ச் சத்தத்தைக் கூட்டிக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான்.

ஒவ்வொரு சத்தத்துக்கும் பக்கத்தில் குறித்தவை: எந்த மாதிரிச் சாலை, எவ்வளவு வேகம், எஞ்சின் எத்தனை ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), வண்டி வெயிலில் நின்றதா நிழலில் நின்றதா, பின்சீட்டில் ஆள் இருந்தாரா. இந்தக் குறிப்பு இல்லாமல் தொடங்கினால் சரிசெய்த பிறகு உண்மையில் சரியானதா என்று சோதிக்க வழி இருக்காது.

அடுத்தது காலி செய்தல். கிளவ் பாக்ஸ், கதவுப் பைகள், வெயில் மறைப்புத் தட்டில் செருகிய காகிதங்கள், சீட்டுத் தண்டவாளத்தில் விழுந்த நாணயங்கள், டிக்கியில் உள்ள எல்லாம் வெளியே. ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் தற்காலிகமாக இறக்கியாயிற்று. டயர் காற்றழுத்தம் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குச் சரிசெய்யப்பட்டது. காற்று கூடுதலாக இருந்தால் சிறு கல்கூட அடியாக விழும். அந்த நிலையில் கேட்கிற சத்தத்தை நம்ப முடியாது.

அதன் பிறகு அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டியதில் முதல் சத்தமான பின்பக்க லொடலொட பாதியாகக் குறைந்திருந்தது. காரணம் ஜாக்கி. அதன் இருப்பிடத்தில் வைத்துவிட்டு, திருகைக் கையால் சுற்றி, மேல் முனை தாங்கியில் நன்றாக முட்டி நிற்கும்வரை விரிக்க வேண்டும். வெறுமனே உள்ளே வைத்தால் ஆடும். மீதிப் பாதி பின்சீட்டின் முதுகுப் பலகையில் இருந்து வந்தது. ஓடும்போது பின்சீட்டில் உட்கார்ந்தவர் முதுகுப் பலகையை முன்னால் இழுத்துப் பிடித்ததும் நின்றது. பூட்டு பற்றிக்கொள்ளும் இரும்பு வளையத்தில் ரப்பர் உறை தேய்ந்து இரும்பு தெரிந்தது. ஒயரிங் கட்டுகளுக்குப் பயன்படும் துணி டேப் இரண்டு சுற்று போதுமாக இருந்தது. மூன்றாவது சுற்று போட்டபோது பூட்டு முழுதாக விழவில்லை, பொத்தானின் சிவப்புக் குறி வெளியே தெரிந்தது. விபத்தில் டிக்கிச் சாமான் முன்னால் வராமல் தடுப்பது அந்தப் பூட்டுதான். சிவப்பு தெரிந்தால் ஒரு சுற்றைக் கழற்றியே ஆக வேண்டும்.

இரண்டாவது, 2,300 முதல் 2,400 ஆர்.பி.எம். வரை மட்டும் வருகிற கிர்ர்ர். காதுக்கு டேஷ்போர்டின் நடுவில் இருந்து வருவதுபோல இருந்தது. காதை நம்புவதற்கு முன் ஒரு கணக்கு. நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிப்பு நடக்கிறது. 2,350-ஐ 60-ஆல் வகுத்து இரண்டால் பெருக்கினால் சுமார் 78 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 78 அதிர்வு. எஞ்சினை நிறுத்திவிட்டு, கார் ஸ்பீக்கரில் 40 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியைப் போட்டுப் பார்த்ததில் 78 பக்கத்தில் எதுவும் அதிரவில்லை. பிறகு திறந்த வெளியில், நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு எஞ்சின் வேகத்தை மெல்ல ஏற்றியபோது அதே இடத்தில் கிர்ர்ர் வந்தது. காற்று வழியாக வரும் ஒலிக்கு அசையாத ஒன்று எஞ்சினோடு மட்டும் அசைகிறது என்றால், அது எஞ்சினோடோ சைலன்சரோடோ இணைந்த பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அப்படியே இருந்தது. சைலன்சர் குழாய்க்கு மேலே உள்ள வெப்பத் தடுப்புத் தகடு, போல்ட்டு துளையைச் சுற்றித் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. குழாய் முழுக்க ஆறிய பிறகு, வண்டியைத் தாங்கிகளின் மேல் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது), துளையைவிட அகலமான 30 மி.மீ. ஸ்டெயின்லெஸ் வாஷர் ஒன்றைப் போல்ட்டுக்கு அடியில் கொடுத்து இறுக்கியதும் அடங்கியது. இந்தத் தகட்டைச் சத்தம் போடுகிறது என்று கழற்றி எறிபவர்கள் உண்டு. அது தரைத் தகட்டையும் பக்கத்தில் ஓடும் குழாய்களையும் சூட்டிலிருந்து காக்கிறது. அங்கே ரப்பர், பஞ்சு, டேப் எதையும் வைக்கக் கூடாது.

ஸ்பீக்கர் சோதனையில் ஒரு எச்சரிக்கை: கதவு ஸ்பீக்கரின் சொந்த ஸ்குரூ தளர்ந்திருந்தால் அதுவே கரகரக்கும். ஒலியை இடம், வலம், முன், பின் என்று நகர்த்திக் கேட்டால் எது என்று பிரித்துவிடலாம்.

மூன்றாவது, ஓட்டுநர் கதவுக்குள் சலசல. கண்ணாடியை முழுக்க ஏற்றி, பாதி இறக்கி, முழுக்க இறக்கி, மூன்று நிலையிலும் ஒரே சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பாதியில் மட்டும் சத்தம் வந்தால் கண்ணாடி ஓடும் பள்ளத்தின் உள்துணி தேய்ந்திருக்கும். இங்கே மூன்று நிலையிலும் ஒன்றுபோல வந்ததால் கண்ணாடி தப்பித்தது, கதவின் உள்பக்கப் பேனலைக் கழற்ற வேண்டியதாயிற்று.

கதவைத் தொடும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, வண்டியின் கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருக்க வேண்டும். ஏர்பேக் சுற்றில் மின்சாரம் சிறிது நேரம் தேங்கி நிற்கும். மஞ்சள் நிற இணைப்பான்களைத் தொடவே வேண்டாம்.

கைப்பிடிக் குழியின் மூடிக்குப் பின்னால் ஒரு ஸ்குரூ, கை வைக்கும் இடத்தில் ஒன்று, அடியோரத்தில் ஒன்று. பிறகு நைலான் நெம்பியைக் கீழ் மூலையில் நுழைத்து ஒவ்வொரு கிளிப்பாக விடுவித்து, கடைசியில் பேனலை மேல் நோக்கித் தூக்க வேண்டும். நெம்பியைக் கிளிப்புக்கு மிக அருகில் கொடுக்க வேண்டும். தள்ளிக் கொடுத்தால் கிளிப்புக்குப் பதில் பேனலில் உள்ள அதன் இருக்கை பிய்ந்துவிடும். கிளிப் புதிது கிடைக்கும், இருக்கை கிடைக்காது. உடைந்த கிளிப்பின் துண்டு கதவுக்குள் விழுந்தால் தேடி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது புதிய சத்தம்.

உள்ளே இரண்டு குற்றவாளிகள். ஒயர்க் கட்டு ஒன்றின் பிடிப்பான் கழன்று, கட்டு தகட்டில் அடித்துக்கொண்டிருந்தது. பூட்டுக்குப் போகும் மெல்லிய கம்பியும் தகட்டின் விளிம்பைத் தொட்டது. இரண்டுக்கும் துணி டேப். கம்பியில் நடுப்பகுதியில் மட்டும் சுற்ற வேண்டும். முனையில் உள்ள மூட்டுக்கு அருகில் சுற்றினால் பூட்டு சிக்கும். பேனலை மாட்டும் முன், கதவு திறந்திருக்கும்போதே, ஸ்குரூடிரைவரால் பூட்டு நாக்கை மூடிய நிலைக்குத் தள்ளி, உள்கைப்பிடி, வெளிக்கைப்பிடி இரண்டும் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் கதவைச் சாத்தி, அது திறக்காமல் போனால், பேனலைக் கழற்றுவதே பெரும்பாடு.

பேனலுக்குப் பின்னால் உள்ள நீர் தடுப்புத் தாளைக் கிழிக்காமல் உரித்து, பழைய கறுப்புப் பசை உலர்ந்த இடங்களில் 6 மி.மீ. பியூட்டைல் கயிறு (பிசின்போல ஒட்டும் ரப்பர்க் கயிறு) வைத்து அழுத்தி ஒட்டியாயிற்று. இதில் அலட்சியம் கூடாது. கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீர் அடித்துளைகளில் வெளியேற வேண்டும். தாள் திறந்திருந்தால் அது காலடிக்கு வரும். அந்த அடித்துளைகளைப் பசையால் மூடிவிடவும் கூடாது.

நான்காவது, ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது கிறீச். வண்டியின் உடல் முறுக்கும்போது கதவு நகர்கிறது, கதவோரத்து பீடிங் ரப்பர் பெயின்ட்டில் உரசுகிறது. உறுதி செய்ய, ரப்பர் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவி அதே மேட்டில் ஏற்றியதில் சத்தம் இல்லை. ரப்பரைக் கழுவி உலர்த்தி, கதவுக்குப் பட்டாணி அளவு சிலிக்கான் கிரீஸைத் துணியில் எடுத்துத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட்டால் முடிந்தது. பெட்ரோலிய எண்ணெயோ துரு நீக்கும் ஸ்பிரேயோ வேண்டாம். பீடிங் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர்; அது எண்ணெயில் ஊறி உப்பும், பிறகு தளரும்.

ஐந்தாவதுதான் அதிக நேரம் தின்றது. முன்கண்ணாடியின் இடது மூலையில் டிக், டிக். வெயிலில் நின்று கிளம்பினால் வரும், மாலையில் வராது. பிளாஸ்டிக் இரும்பைவிடப் பல மடங்கு விரிகிறது. 1.4 மீட்டர் நீளமுள்ள ஏபிஎஸ் பிளாஸ்டிக் 30 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 3.4 மி.மீ. நீளும், அதே நீள இரும்பு 0.5 மி.மீ. மட்டுமே. அந்த வித்தியாசம் எங்காவது ஒரு பிடிப்பில் தேங்கி, தாங்காதபோது வழுக்குகிறது. அதனால்தான் நிழலில் நிற்கும் வண்டியில் இதைத் தேடினால் கிடைக்காது. நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டுத்தான் தேட வேண்டும்.

தேடும் முறை: ஒருவர் மெதுவாக ஓட்ட, மற்றவர் உள்ளங்கையால் ஒவ்வொரு சாணாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். டேஷ்போர்டு ஒலியைக் கண்ணாடி திருப்பி அனுப்புவதால் காது ஒரு முழம் தள்ளித்தான் காட்டும். கை பொய் சொல்லாது. எந்த இடத்தை அழுத்தும்போது நிற்கிறதோ அங்கே காகித டேப்பால் குறி. பிறகு அந்த இடுக்கில் தடித்த அட்டைத் துண்டைச் செருகி, கையை எடுத்து ஓட்டினாலும் நின்றால்தான் இடம் உறுதி. கையால் நிறுத்த முடியாத சத்தத்துக்கு எதையும் ஒட்டத் தொடங்கக் கூடாது.

குறி விழுந்தது டேஷ்போர்டின் மூலையும் முன்தூண் (முன்கண்ணாடியின் பக்கவாட்டுத் தூண்) மூடியின் அடிக்காலும் சந்திக்கும் இடத்தில். இடைவெளி சுமார் 1.5 மி.மீ. அதற்கு 2 மி.மீ. ஃபெல்ட் (நெய்யாமல் அழுத்திச் செய்த துணி) துண்டு, 10 மி.மீ. அகலம், 60 மி.மீ. நீளம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலர்ந்த பிறகு ஒட்டியது. முதலில் 4 மி.மீ. பஞ்சு நாடா வைத்துப் பார்த்ததில் அந்த மூலை அமைதியானது, ஆனால் மூடி மேலே தள்ளப்பட்டு, ஒரு வாரத்தில் வலது மூலையில் அதே டிக் தொடங்கியது. இடைவெளியைவிட மூன்றில் ஒரு பங்கு தடிப்பு கூடுதலாக இருந்தால் போதும். ஃபெல்ட்டை ஒட்டியது டேஷ்போர்டின் பக்கத்தில். தூண் மூடிக்குள் எதுவும் இல்லை. அந்த மூடிக்குப் பின்னால் திரை ஏர்பேக் (பக்கக் கண்ணாடியை மறைத்து விரிவது) ஓடுகிறது, அது விரியும் வழியில் துணியோ பஞ்சோ பசையோ இருக்கக் கூடாது. செருகுவதற்கு பிளாஸ்டிக் பட்டை மட்டுமே. இரும்பால் கண்ணாடியின் விளிம்பில் கீறல் விழுந்தால் பின்னாளில் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

கடைசி, முன், பின் கதவுகளுக்கு நடுவே உள்ள நடுத்தூணில் டொக் டொக். இடதுபக்கப் பயணி பெல்ட் போட்டிருந்தால் பெரும்பகுதி நிற்கிறது. அதாவது தொங்கும் பெல்ட்டின் உலோக நாக்கு தூணின் பிளாஸ்டிக்கில் அடிக்கிறது. அடி விழும் இடத்தில் தூண் நிறத்திலேயே ஒரு ஃபெல்ட் வட்டம் ஒட்டியதில் டொக் போயிற்று. அதற்கடியில் இன்னொரு மெல்லிய கடகட எஞ்சி நிற்கிறது, கரடான சாலையில் மட்டும். அது பெல்ட் சுருட்டிக்குள் இருக்கும் சிறிய உருண்டை. வண்டி திடீரென்று வேகம் குறையும்போதோ சாயும்போதோ அந்த உருண்டை நகர்ந்துதான் பெல்ட்டைப் பூட்டுகிறது. அது ஆடுவதற்கென்றே வைக்கப்பட்டது. சுருட்டியைத் திறக்கவில்லை, அதன் மேல் பஞ்சும் சுற்றவில்லை. குறிப்பேட்டில் ஆறாவது வரிக்கு நேரே 'விட்டது' என்று எழுதியிருக்கிறது.